விண்கல் குடும்பத்தின் கடைக்குட்டி

என் வயசுக்காரர்களே, ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். சின்ன வயசில் நீங்கள் யார் வீட்டுப் பிள்ளையாகப் பிறந்திருக்கலாம் என்று ஏங்கினீர்கள்? சீச்சீ, எங்கள் அப்பா அம்மாவை விட்டு வேறு யாரையும் நினைத்ததே இல்லை என்று சொல்கிறவர்கள் தாராளமாக எழுந்து போகலாம், உங்களுக்கு இந்தக் கதை வேண்டாம். எனக்கு அந்த ஏக்கம் இருந்தது. ஏக்கம் என்று நாசூக்காகச் சொல்கிறேன். பொறாமை. வயிறு பற்றி எரிகிற பொறாமை. பத்து வயசில், ஒரு கோடை முழுக்க, முழுப் பரீட்சை முடிந்ததிலிருந்து பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் எரிந்துகொண்டே இருந்தது.

எண்பதுகளின் நடுவில் எங்கள் வீடு அயனம்பாக்கத்தில், ஏரிக்கரைக்கு இரண்டு தெரு தள்ளி. அந்த ஏரித் தண்ணீரில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் வைத்த குடும்பம். என் காலத்தில் நிலம் பாதியாகிவிட்டது. நைனா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டினார், ஷிப்ட் முடிந்து வந்து மிச்சமிருந்த வயலைப் பார்த்தார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எஸ்டேட்டுக்கு வேலைக்கு வருகிறவர்கள் வீடு கிடைக்காமல் அலைந்த காலம் அது. நைனா வீட்டின் நடுவில் ஒரு சுவரை எழுப்பி முன்பக்கத்தை வாடகைக்கு விட்டார். சொந்த வீட்டிலேயே பின்வாசல் வழியாகப் போய் வந்தவர்கள் நாங்கள். கிணறும் துவைக்கிற கல்லும் இரண்டு வீட்டுக்கும் பொது.

அந்த வருஷம் முன்பக்கத்துக்குக் குடிவந்தது தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அங்கிள், ஆன்ட்டி, ஒன்பதாவது படிக்கிற அண்ணன், அப்புறம் என் வயசில் ஒரு பெண். அங்கிளுக்கு எஸ்டேட்டில் டிராயிங் போடுகிற வேலை. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பென்சில் குத்தியிருக்கும். மாதா கோயில் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், வெறுமனே கோயில். பூசைக்குப் போறோம் என்பார்கள். எங்கள் அம்மாவும் பூசை என்பாள், கற்பூரத்தைக் கொளுத்திவிட்டு. ஒரே சொல்லை இவர்களும் சொல்கிறார்களே என்று அம்மாவுக்கு ஆரம்பத்தில் அவர்களைப் பிடித்துத்தான் போயிற்று.

ஒரு நாள் துணி ஊற வைக்கப் போனேன். அந்தப் பெண் துவைக்கிற கல்லின் மேல் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து ஒரு சின்னப் புத்தகத்தைப் படித்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் கல். எங்கள் கல்லில் உட்கார்ந்து, எனக்குத் தெரியாத ஒன்றுக்குச் சிரிக்கிறாள்.

"இன்னா புக்கு அது?"

"காமிக்ஸ். விண்கல் குடும்பம்."

அட்டை மட்டும்தான் கலர். ஐந்து பேர் கைகோத்துக்கொண்டு ஆகாயத்தில் நிற்கிறார்கள், பின்னால் ஒரு பாறை எரிகிறது. உள்ளே எல்லாம் கறுப்பு வெள்ளை, அதுவும் சாணித்தாளில். பக்கத்தைத் தொட்டால் மை கட்டைவிரலில் ஒட்டும். உங்களில் சிலருக்கு அந்த வாசனை இப்போதும் மூக்கில் இருக்கும், மண்ணெண்ணெயும் பழைய அரிசியும் கலந்த மாதிரி.

கதை இதுதான். ஒரு வீட்டுத் தோட்டத்தில் வானத்திலிருந்து கல் ஒன்று விழுகிறது. அந்தக் கல்லின் சூட்டில் மீன் வாட்டித் தின்ற ஐந்து பேருக்கும் சக்தி வந்துவிடுகிறது. அப்பாவுக்கு நூறு மைலுக்கு அப்பால் யார் முனகினாலும் காது கேட்கும். அம்மா ரயில் பெட்டியை ஒரு கையால் தூக்குவாள். மூத்தவன் தண்ணீருக்கடியில் மூச்சு விடுவான். பெண் இமைக்காமல் முறைத்தால் பறந்து வருகிற குண்டு அந்தரத்தில் நிற்கும். கடைக்குட்டி ஒன்று உண்டு, அவளுக்கு மட்டும் என்ன சக்தி என்று யாருக்கும் தெரியாது. அவள் ஒவ்வொரு புத்தகத்திலும் எல்லாரும் கிளம்புகிற நேரத்தில் "நானும் வர்றேன்!" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடுவாள்.

இதையெல்லாம் அவள் அன்றைக்குச் சொல்லவில்லை. நான் கேட்டதற்கு, "வீட்டுக்கு வெளிய புக்கு தரக் கூடாது, அப்பா திட்டுவார்" என்றாள்.

"எங்க ஊட்ல இருந்துகினு எங்களுக்கே தரமாட்டியா?" என்றேன். வீட்டுக்காரர் மகள் இல்லையா!

"வீடுதான் உங்களது. புக்கு எங்களது" என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்தைப் புரட்டினாள். அப்போது வந்தது எரிச்சல். இன்றைக்கும் நினைத்தால் லேசாக வருகிறது.

நைனாவிடம் போய் அழுதேன். எனக்கும் கதை புக்கு வேண்டும், குடும்பத்துப் படம் போட்டது வேண்டும் என்று ஒரு வாரம் பிடுங்கியெடுத்தேன். நைனா மூன்றாவதோடு படிப்பை விட்டவர். பஸ் நம்பர் படிப்பார், தன் பெயரைக் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். ஒரு சம்பள நாளில் அம்பத்தூர் பஸ் ஸ்டாண்டு கடையிலிருந்து காகிதத்தில் சுற்றி ஒரு புத்தகம் வாங்கி வந்தார். அட்டையில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் சிரித்தபடி சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். நூற்றியொரு குழம்பு வகைகள்.

"குடும்பம் போட்டது கேட்டியே, இதுல கீது பாரு" என்றார், முகமெல்லாம் பல்லாக.

நான் அதைத் தூக்கி அடுப்பு மேடையில் எறிந்தேன். அம்மா எடுத்து வைத்துக்கொண்டாள், அவளுக்கும் படிக்க வராது. நைனா சட்டையைக் கழற்றிவிட்டு வயலுக்குப் போனார். கடையில் இருந்த அத்தனை புத்தகத்தில் அந்த மனுஷன் படத்தைப் பார்த்துப் பார்த்துத் தேடியிருப்பார் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. அன்றைக்கு எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான்: அவளுடைய அப்பாவுக்குத் தெரிந்திருக்கும்.

முன்வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்க்கிறது என் வேலையாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து, மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டு, பாயை விரித்து நாலு பேரும் வட்டமாக உட்காருவார்கள். அங்கிள் டிரங்குப் பெட்டியைத் திறப்பார். அந்துருண்டை நெடி ஜன்னல் வரைக்கும் அடிக்கும். ஒரு புத்தகத்தை எடுத்து நடுவில் வைத்து, ஆளுக்கொரு பாத்திரமாகச் சத்தம் போட்டுப் படிப்பார்கள். அப்பா பேசுகிற இடத்தை அங்கிள் படிப்பார். ரயில் தூக்குகிற அம்மா நம் ஆன்ட்டி. மூத்தவன் அண்ணன், முறைக்கிற பெண் அவள். சொந்தக் குடும்பத்தையே காமிக்ஸில் அச்சடித்த மாதிரி அத்தனை பொருத்தம். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன்.

மூன்றாவது ஞாயிறு அங்கிள் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"யாரும்மா அங்க? உள்ள வா. எங்களுக்கு ஒரு ஆள் குறையுது. கடைக்குட்டிக்கு ஆளே இல்லை."

கால் தரையில் படாமல் ஓடினேன். கை கழுவிவிட்டு வரச் சொன்னார்கள், புத்தகத்தைத் தொட வேண்டுமானால் அது அந்த வீட்டுச் சட்டம். கிணற்றடியில் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தேன்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்பதற்கு அங்கிள் ஒரு கணக்கு வைத்திருந்தார். வெளிநாட்டுக் கதை. தமிழில் போட்டவர்கள் கையில் கிடைத்த வரிசையில் போட்டுவிட்டார்கள். ஒரு புத்தகத்தில் செத்துப்போன வில்லன் அதற்கடுத்த புத்தகத்தில் கல்யாணம் பண்ணிக்கொள்வான். அங்கிள் எல்லாவற்றையும் படித்து, உண்மையான வரிசையைக் கண்டுபிடித்து, பிரௌன் அட்டை போட்டு, மூலையில் நம்பர் எழுதி, கோணி ஊசியால் தைத்து வைத்திருந்தார். மொத்தம் பதினாலு.

"ஒண்ணாம் நம்பர்ல ஆரம்பிக்கணும்னு தோணும். கூடாது" என்றார்.

"ஏன் அங்கிள்?"

"அதுல அஞ்சு பேரும் ஆளுக்கொரு மூலையில சண்டை போட்டுட்டுக் கிடப்பாங்க. உனக்கு யார் மேலயும் பிரியம் வராது. நாலாம் நம்பர்ல எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவாங்க பாரு, அங்க ஆரம்பி. அப்புறம் ரெண்டு, ஏழு, மூணு. ஒண்ணாம் நம்பரைக் கடைசியாப் படி. அப்பதான் அழுகை வரும்."

புத்தகத்தைப் பற்றி ஒரு பெரிய மனுஷர் இவ்வளவு கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. நாலாம் நம்பரில் என் பங்கு மூன்றே இடம். மூன்றிலும் "நானும் வர்றேன்!" முதல் தடவை எனக்கே கேட்காத குரலில் சொன்னேன். இரண்டாவது தடவை பக்கத்து வீட்டு நாய் குரைக்கிற அளவுக்குக் கத்தினேன். அண்ணன் பாயில் உருண்டு சிரித்தான். "நம்ம கடைக்குட்டிதான் நிஜமான கடைக்குட்டி" என்றார் அங்கிள்.

சண்டைக்குக் கிளம்பும் முன்னால் விண்கல் குடும்பம் வட்டமாக நின்று, கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, "ஐவர் ஒன்று! அச்சம் இல்லை!" என்று மூன்று தடவை சொல்லும். அப்போதுதான் சக்தி பாயும். நாங்களும் அப்படியே எழுந்து நின்று சொல்வோம். ஒரு பக்கம் ஆன்ட்டியின் கை, வெங்காய வாசனையோடு. இன்னொரு பக்கம் அங்கிளின் கை, பென்சில் பிடித்துக் காய்த்த விரல். என்னமோ எனக்கு நிஜமாகவே உடம்பில் ஜிவ்வென்று ஏறும்.

வீட்டுக்கு வந்தால் அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பாள்.

"இன்னாடி அங்க கூட்டமா நின்னுகினு கத்தறீங்கோ?"

"கத புக்கும்மா."

"கதைக்கு எதுக்குடி கண்ண மூடணும்?"

ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். பூசைக்குப் போய் வந்த வெள்ளைச் சேலையோடு ஒரு பொம்பளை, கழுத்தில் சிலுவை, கையைக் கோத்து, கண்ணை மூடி, எல்லாரும் ஒரே குரலில் மூன்று தடவை. அம்மாவைச் சொல்லியும் குற்றமில்லை. நான் பெரிதாக விளக்கவில்லை. அந்த வட்டத்தை அம்மாவுக்கு விளக்கினால் அதில் ஏதோ குறைந்துவிடும் என்று இருந்தது.

சேர்த்துக்கொண்டார்களே, பொறாமை தீர்ந்ததா என்றால், எங்கே! ஜன்னலுக்கு வெளியே இருந்தபோது புத்தகம் மட்டும்தான் கண்ணில் பட்டது. உள்ளே போன பிறகுதான் எல்லாம் பட ஆரம்பித்தது. அவள் தப்பாகப் படித்தால் அங்கிள் சிரித்துக்கொண்டே திருத்துவார். "நீ என்ன நினைக்கிறே?" என்று பிள்ளைகளிடம் கேட்பார், கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். ஆன்ட்டி மகளை "ஏட்டி" என்பாள், என்னை "வாம்மா" என்பாள். மரியாதைதான். எனக்கு அந்த மரியாதை வேண்டாம், ஏட்டி வேண்டும். ராத்திரி படுக்கும்போது தடுப்புச் சுவரில் முதுகை ஒட்டிப் படுத்துக்கொள்வேன், சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் படுத்திருப்பார்கள் என்று.

மே மாதம் ஆரம்பத்தில் ஏரியில் இறங்கி விளையாடினபோது வெள்ளிக் கொலுசு ஒன்று சேற்றில் போய்விட்டது. நைனா மோட்டார் ரூமில் கிடந்த பம்ப்செட் பெல்ட்டை எடுத்தார். அடித்தார் என்றால் சாதாரண அடி இல்லை. நம் காலத்தில் எல்லா வீட்டிலும் விழுந்த அடிதான், இருந்தாலும் நைனாவுக்குக் கோபம் வந்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. சத்தம் கேட்டு அங்கிள் கிணற்றடி வழியாக ஓடிவந்து நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதுங்க. பிள்ளைக்கு மூச்சு நிக்கப் போவுது, விடுங்க."

குடியிருக்கிறவர் முன்னால் நைனாவுக்கு வெட்கமாகிவிட்டது. பெல்ட்டைப் போட்டுவிட்டுப் போனார். அங்கிள் என் முழங்காலில் வீங்கியிருந்த தடத்தைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. எனக்கு வலியைவிட ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது. எனக்காக ஒருத்தர் ஓடிவந்தாரே!

மே நடுவில் ஒரு காலை, ஆட்டோவிலிருந்து ஆன்ட்டியின் அக்கா மகள் இறங்கினாள். ஏழு வயசு. இரட்டைச் சடை, முன்பல் இரண்டு இல்லை, கையில் கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலம். லீவுக்கு வந்திருக்கிறாள். வந்த ஐந்து நிமிஷத்தில் அங்கிள் தோளில் ஏறிக்கொண்டாள்.

அந்த ஞாயிறு நான் கையைக் கழுவிக்கொண்டு போனால், என் இடத்தில், ஆன்ட்டிக்கும் அங்கிளுக்கும் நடுவில், அவள்.

"இன்னைக்கு ஒரு மாத்தம்" என்றார் அங்கிள். "கடைக்குட்டிய இவ படிக்கட்டும். சின்னவ, நீளமா படிக்க வராது. உனக்குப் பெரிய வேலை குடுக்கப் போறேன்."

பெரிய வேலை என்னவென்றால், கட்டம் படிப்பது. படத்துக்கு மேலே சின்னச் சின்னக் கட்டத்தில் இருக்குமே, 'இதற்கிடையில் பாதாளக் கோட்டையில்...', 'அதே நேரம் துறைமுகத்தில்...', அது. "நீ நல்லா திருத்தமா படிக்கே, அதான்" என்றார். உண்மையிலேயே உயர்வு கொடுத்ததாகத்தான் அவர் நினைத்தார். அந்தப் புத்தகத்திலேயே அதிக வரி கட்டத்துக்குத்தான். இப்போது யோசித்தால் அவர் என்னைக் கௌரவப்படுத்தியிருக்கிறார். ஆனால் பத்து வயசுக்கு அது தெரியுமா? கட்டத்துக்கு முகம் கிடையாது. கட்டம் யாருக்கும் மகள் இல்லை. கட்டத்தைப் பார்த்து யாரும் "ஜாக்கிரதை!" என்று கத்துவதில்லை.

பொறுத்துக்கொண்டு படித்தேன். கிளம்புகிற இடம் வந்தது. "நானும் வாரேன்!" என்று அந்தக் குட்டி ஊர் ராகத்தில் இழுத்தாள், வர்றேனைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். ஆன்ட்டி அவளை இழுத்து முத்தம் கொடுத்து, "ஏட்டி, என் தங்கம்" என்றாள். நான் இத்தனை ஞாயிறு கத்தியும் கிடைக்காதது ஒரே கத்தலில் அவளுக்கு. அப்புறம் ஐந்து பேரும் எழுந்து வட்டமாக நின்று கையைக் கோத்தார்கள். நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தேன். ஐவர் என்றால் ஐவர்தானே. என் முன்னால் ஐந்து முதுகு.

"இப்போ கட்டம் படிம்மா" என்றாள் அந்தப் பெண், என் வயசுக்காரி. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அது துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சொன்ன மாதிரி கேட்டது. புத்தகத்தை வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

பின்கட்டில் அம்மா மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். என் அழுகையைப் பார்த்து அப்படியே எழுந்துவிட்டாள்.

"இன்னாடி ஆச்சு? எவன் இன்னா சொன்னான்?"

என்ன சொல்வது? கடைக்குட்டியை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றா? அதைச் சொன்னால் சிரிப்பாள். அழுகிறதற்குப் பெரிய காரணம் ஒன்று வேண்டியிருந்தது. அது ஏற்கெனவே அம்மாவின் மனசில் தயாராக இருந்ததும் எனக்குத் தெரியும். பாவி நான், தெரிந்தேதான் சொன்னேன்.

"கண்ண மூடி ஜெபம் பண்ண சொல்றாங்கோ. நான் மாட்டேன்னேன். அதான் தொரத்திட்டாங்கோ."

"நான் அப்பவே நெனச்சேன்!" என்றாள் அம்மா. மிளகாய் பட்ட கையால் என்னைக் கட்டிக்கொண்டாள். கண்ணெல்லாம் எரிந்தது.

நைனா சாயங்காலம் வயலிலிருந்து வந்தார். மோட்டார் பழுது, பெல்ட்டைக் கழற்றித் தோளில் போட்டிருந்தார். கால் கழுவக்கூட விடாமல் அம்மா கொட்டிவிட்டாள். நைனா சேற்றுக் காலோடு வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போனார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

அவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பாயில் அந்தப் புத்தகம் நான் வைத்த இடத்தில் விரித்தபடியே கிடந்தது.

"இன்னா சார், கொடித்தனம் வந்தீங்களா, இல்ல எம் பொண்ண மதம் மாத்த வந்தீங்களா?" நைனாவின் குரலில் தெருவே திரும்பியது. "ஒண்ணும் தெரியாத புள்ளய உக்கார வச்சி, கண்ண மூட சொல்லி, ஜெபம் பண்ண சொல்லி... இன்னா நாயம் இது? கேக்க ஆளில்லன்னு நெனச்சிகினீங்களா?"

"யார் சொன்னா?" என்று அந்தப் பெண் துள்ளி எழுந்தாள். பாயிலிருந்த புத்தகத்தை எடுத்து நைனாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது காமிக்ஸ், மாமா! கதையில வர்றது! இவதான் பொய்..."

"நீ உள்ள போ" என்றார் அங்கிள்.

"அப்பா, இவ பொய் சொல்லுதா..."

"உள்ள போன்னு சொன்னேன்!"

அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அவள் முகம் சுண்டிப்போய், புத்தகத்தைப் பாயிலேயே போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அங்கிள் நைனாவைப் பார்த்தார். தோளில் கிடந்த பெல்ட்டைப் பார்த்தார். பிறகு அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும் அவருக்கு. புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினால் படம் பார்த்தே நைனாவுக்குப் புரிந்துவிடும். அதற்கப்புறம் அந்தத் தோளிலிருந்து பெல்ட் இறங்கும்.

அவர் புத்தகத்தை எடுத்து மூடி ஆன்ட்டி கையில் கொடுத்தார்.

"உங்க பிள்ளைய உங்ககிட்ட கேக்காம கூப்பிட்டு உக்கார வச்சது என் தப்புதாங்க. மன்னிச்சிருங்க."

சண்டைக்கு முறுக்கிக்கொண்டு வந்த நைனாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தொண்டையைச் செருமினார். "மன்னிப்புலாம் சரி சார். வேற ஊடு பாத்துக்குங்கோ. இந்த மாசத்தோட."

"சரிங்க" என்றார் அங்கிள்.

இந்த இடத்தில் எனக்கு வெட்கம் வந்தது, மனசு குத்தியது என்றெல்லாம் எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். வரவில்லை. அடியிலிருந்து தப்பித்த நிம்மதி முதலில் வந்தது. அதன் பின்னாலேயே வந்தது பொறாமைதான். இப்படி ஒரு அப்பாவை வைத்துக்கொண்டு அவள் உள்ளே போய் அழுகிறாளே, கொழுப்புதானே என்று.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் முன்பக்கத்து ஜன்னல் சாத்தியே இருந்தது. ஆனால் படித்தார்கள். மெல்லிய குரலில். தடுப்புச் சுவரில் காதை வைத்தால் முணுமுணுப்பு கேட்கும், சொல் கேட்காது. நைனாவோ தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார்: "எம் பொண்ணு கெட்டிக்காரி. சின்னப் புள்ள, மாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா பாரு." கொலுசுக்குப் பதில் புதுக் கொலுசே வாங்கிக் கொடுத்தார். என் வாழ்க்கையில் நைனா என்னைப் பார்த்துப் பெருமைப்பட்டது அந்த ஒரு விஷயத்துக்குத்தான். கடைசி வரைக்கும் நான் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.

அவர்கள் குமணன்சாவடிக்கு வீடு மாறினார்கள். அதற்குப் பிறகு நான் அவர்களைப் பார்த்ததில்லை. பெரியவளாகித் திருமழிசைக்கு வேலைக்குப் போன வருஷங்களில் குமணன்சாவடிக் கூட்டுரோட்டில் பஸ் நிற்கும்போதெல்லாம் கூட்டத்தில் சட்டைப் பையில் பென்சில் தெரிகிறதா என்று பார்ப்பேன். ஒண்ணாம் நம்பரை நான் படிக்கவில்லை.

அவர்கள் வீட்டைக் காலி பண்ணிப் போன நாளன்று டெம்போ வாசலில் நின்றது. ஆன்ட்டி சாவியைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்து, "வாரோங்க" என்றாள். அம்மா தலையை ஆட்டினாள். நான் கிணற்றடிக்குப் போய் ஒளிந்துகொண்டேன். கொடியில் காய்ந்துகொண்டிருந்த கடைசித் துண்டை எடுக்க அந்தப் பெண் அங்கேயே வந்தாள்.

"நீ பொய் சொன்னேன்னு எங்க எல்லாருக்கும் தெரியும்" என்றாள்.

நான் கிணற்றுக் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

"உங்கம்மாகிட்ட நான் சொல்லப் போனேன். ரெண்டு தடவை. அப்பா விடல. சொன்னா அந்தப் பிள்ளையக் கொன்னே போடுவாங்கன்னார்." அவள் கொடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "எனக்குப் பள்ளிக்கூடம் மாறுது. என் பிரெண்ட்ஸ் எல்லாம் போச்சு. அதைப் பத்தி எங்கப்பா ஒரு வார்த்தை கேக்கல. உனக்கு அடி விழுமேன்னுதான் பார்த்தார். எங்கப்பாவுக்கு என்னைவிட உன் மேலதான் பிரியம்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள் பாருங்கள், அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கோடை முழுக்க ஜன்னல் கம்பிக்கு வெளியிலிருந்து நான் அவளைப் பார்த்த பார்வை அது. அவளிடம் இருந்ததில் ஒன்று என்னிடம் வந்துவிட்டதாக அவளே சொல்கிறாள்.

மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது சந்தோஷம். அப்படி ஒரு சந்தோஷம். அவள் துண்டை உருவிக்கொண்டு போய் டெம்போவில் ஏறுகிற வரைக்கும் அது முகத்தில் தெரிந்துவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.